ஐதரா கைவிட்ட குடை

நல்லதண்ணி ஓடைகள் மவுசாகலைக்குள் விழுந்து, மஸ்கெலி ஓயாவாக இறங்கி, களனி கங்கையோடு கொழும்புக் கடலைப் போய்ச் சேர்கின்றன. தண்ணீர் போகிற இடத்துக்கு எங்கள் பிள்ளைகள் பலர் போனதில்லை. அவர்களுக்கு ஜெலி மீனைப் படிப்பிக்கும்போது, அதன் நன்னீர்ச் சொந்தமான ஐதராவைத்தான் முதலில் இழுத்து வருவேன். சில மில்லிமீட்டர் உடம்பு, ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள். அவ்வளவுதான்.

ஜெலி மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பிறவியில் இரண்டு உருவம். பாறையில் ஒட்டியிருக்கும் பொலிப்பு ஒன்று. அதிலிருந்து பிரிந்து, குடை விரித்து நீந்தும் மெடுசா மற்றது. இரண்டுக்கும் மரபணுத்தொகுதி ஒன்றே. நீந்துகிற தசையும் புலன்களும் சில இனங்களில் கண்ணும் வேண்டுமென்றால், புதிய மரபணுக்கள் ஏராளமாக முளைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். 2018 இல் நிலா ஜெலி மீனின் மரபணுத்தொகுதியை வாசித்தவர்கள் கண்டது வேறு: கையில் இருந்த பழைய மரபணுக்களே பெரும்பாலும் புது வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தன.

கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாகிவிடும். இடுப்பளவுச் செடியும் அதுவும் ஒரே இனம். தோட்டத்துப் பிள்ளைக்கு இது போதும். ஆனால் உவமை பாதி வழிதான் வரும். தேயிலையை அடக்குவது வெளியிலிருந்து வரும் கத்தி. பொலிப்பை அடக்குவதும் அவிழ்த்துவிடுவதும் உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டு மரபணுக்கள்.

2019 இல் வெளிவந்த கிளைற்றியா ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். அந்தச் சிறு ஜெலி மீனின் மெடுசாவில் மட்டும் இயங்கும் கட்டுப்பாட்டு மரபணுக்களில் பலவற்றுக்கு நம் போன்ற விலங்குகளிடமும் இணைகள் உண்டு. 2010 இலேயே வாசிக்கப்பட்ட ஐதராவோடு ஒப்பிட்டால், அவற்றில் பல ஐதராவிடம் இல்லை. ஐதராவுக்கு மெடுசாவும் இல்லை. எளிய உடம்பைப் பார்த்து அதை ஜெலி மீனின் பாட்டன் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பாட்டன் அல்ல, இருந்த சொத்தைக் கரைத்த பங்காளி.

"நன்னீருக்கு வந்ததாலதான் குடை போச்சுதா, சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் நன்னீரில் குடையோடு வாழ்பவையும் உண்டு. யாங்சி ஆற்றைத் தாயகமாகக் கொண்ட ஒன்று 1880 இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவின் அல்லித் தொட்டியில் திடீரென்று தலைகாட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் வேறோர் இனம் இருக்கிறது. இதைச் சொன்னதிலிருந்து கடைசி வாங்குப் பையன்கள் ஓடைத் தண்ணீரைப் போத்தலில் அள்ளி வருகிறார்கள். இதுவரை எல்லாம் நுளம்புக் குடம்பிதான்.