மலை மடங்கும் கதை

அணைக்கட்டு, ஜூலை 6, 2025, ஞாயிறு

கதைக்கான விதி இன்று கிடைத்துவிட்டது.

அல்லி ஜவ்வாது மலையில் வாழ்கிற பெண். அவள் கேட்டால் மலை மடங்கிக்கொடுக்கும். பீஞ்சமந்தையில் ஒரு கால் வைத்தால் மறு கால் ஒடுகத்தூரில் இருக்கும். ஆனால் மலை மடங்கும்போதெல்லாம் கீழே சமவெளியில் ஒரு கிணறு வற்றிப்போகும். யாருடைய கிணறு என்று அவளுக்குத் தெரியாது.

கிணறு வந்து சேர்ந்த பிறகுதான் கதைக்கு உயிர் வந்தது. அதுவரை அல்லியால் எல்லாமே முடிந்தது. எல்லாம் முடிகிற ஒருத்திக்கு என்ன கதை இருக்கிறது? இனி அவள் ஒவ்வொரு அடிக்கும் யோசித்தாக வேண்டும். நானும்தான். விதி என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த உலகம் என் விருப்பப்படி நடக்காது, அதன் போக்கில் நான் போக வேண்டும். மாயக்கதை எழுதுவதில் எனக்குக் கிடைக்கிற பெரிய சந்தோஷம் இதுதான். இல்லாத ஒன்றைப் படைக்கிறோம். அது நம்மையே கட்டுப்படுத்துகிற அளவுக்கு உண்மையாகிவிடுகிறது.

மலை ஏன் மடங்க வேண்டும் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. 2023 மே மாதம் எங்கள் வட்டத்தைச் சேர்ந்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. இறந்த குழந்தையைத் தாயே சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவிலிருந்து மலை மடங்கினால் என்ன என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஜூலை 19, சனி

மாயக்கதை என்றாலே மேல்நாட்டுச் சரக்கு என்கிறார்கள். அவர்களுக்காகவே சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

மணிமேகலா தெய்வம் நாயகி மணிமேகலையைத் தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. வேற்றுருவம் எடுக்க, வானில் செல்ல, பசியைத் தாங்க என மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கிடைக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. முதல் பிச்சையைப் பத்தினிப் பெண் இட வேண்டும். ஆதிரை இடுகிறாள். அதன் பிறகுதான் காயசண்டிகை என்ற பெண்ணின் தீராப் பசி தீர்கிறது.

பின்னால் மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளைத் தேடி வந்த இளவரசன் உதயகுமாரனை வெட்டிக் கொல்கிறான். சிறையிலிருப்பவர்களுக்குச் சோறு போட்டு, சிறையையே அறக்கோட்டமாக மாற்றியவள் மணிமேகலை. அவள் உருமாறியதற்கு விலையாக ஓர் உயிர் போயிற்று. மாயத்துக்கு விலை உண்டு என்பதைச் சாத்தனார் எப்போதோ எழுதிவிட்டார். எதற்காக மாயம் என்பதையும் எழுதிவிட்டார். அந்தக் காப்பியத்தில் மாயம் தேடிப் போவது பசித்த வயிற்றை.

அல்லி யாரோடும் போர் செய்யப் போவதில்லை. நோயாளிகளைச் சுமப்பதுதான் அவள் வேலை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அம்மா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க மெஷினைப் பார்த்த கண்ணோடு என் நோட்டையும் எட்டிப் பார்த்தாள். “இன்னாடி எழுதினு கீற? பரீட்சைக்கா?”

“கதைம்மா.”

“கத எழுதனா இன்னா குடுப்பாங்க?”

அவள் கேட்டதில் கோபம் இல்லை. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகளுக்கு நேரம் எவ்வளவு அருமையானது என்று தன் உடம்பால் தெரிந்தவள் கேட்ட கேள்வி அது. வேலூர் போய்வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போனில் எழுதுகிறேன். நின்றுகொண்டு போகிற நாளில் அடுத்த காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். வீட்டு வேலை, ரெக்கார்டு நோட்டு, மாதிரித் தேர்வு எல்லாம் போக மிஞ்சுவது ராத்திரி மட்டும்தான். சிறுகதை என்றால் ஒரு ராத்திரியில் பிடித்துவிடலாம். உலகம் ஒன்றைக் கட்டுவதற்கு அதே உலகத்துக்குள் மறுபடி மறுபடி போய்வர வேண்டும். ஒரு வாரம் போகாவிட்டால் கதவு இறுகிவிடுகிறது. மாணவராக இருந்து மாயக்கதை எழுதுவதில் பெரிய கஷ்டம் இது.

இன்னொரு காரணத்துக்காகவும் இன்றைய தேதியைக் குறித்து வைக்கிறேன். 1996-ஆம் ஆண்டு இதே ஆகஸ்ட் 28-ல்தான் பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும், கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அவரையே சேரும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. சுற்றுச்சூழல் பாடத்தில் நாங்கள் படித்தது. இந்த ஆண்டு ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

என் கதையின் விதி அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. ஒருவர் எடுத்துக்கொள்கிறார், அதன் விலையை வேறொருவர் கிணறு கொடுக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனவர்களுக்கு இது மாயக்கதையே அல்ல.

அதற்காகத் தோல் தொழிலை வில்லனாக்கி எழுத எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டு அரிசி அதிலிருந்துதான் வருகிறது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் தங்கள் கையால் சம்பாதிப்பதும் அதில்தான். அதனால் கிணற்றை வற்றவைப்பவள் கதையின் நாயகியாகவே இருக்கிறாள். நல்லவள்தான். நல்ல காரியத்துக்காகத்தான் செய்கிறாள். ஆனாலும் கிணறு வற்றுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மலையிலிருந்து வந்து படிக்கிற தோழிக்கு ஏழு அத்தியாயங்களைக் கொடுத்திருந்தேன். இன்று பேசினாள்.

“கத நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எங்களுக்கு மலை மடங்க வேணாம். ரோடு வந்தா போதும்.”

நாள் பூராவும் அந்த வார்த்தைதான். பிறர் வலியை எடுத்துக் கதை செய்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய வார்த்தை. சாயங்காலம் அவளுக்குப் பதில் எழுதினேன். அல்லி கடைசியில் மடக்குவதை நிறுத்திவிடுவாள். வற்றிப்போன கிணற்றுக்காரர்கள் கோபத்தோடு மலை ஏறி வருவார்கள். வந்த பிறகுதான் அங்கே பாதையே இல்லை என்பது அவர்கள் கண்ணில் படும். சாலை கேட்டு மலையும் சமவெளியும் ஒன்றாகப் போய் நிற்பதோடு கதை முடியும். மாயம் செய்ய வேண்டியது, ஒருவரை ஒருவர் பார்க்க வைப்பது மட்டும். மீதியை மனிதர்கள் செய்ய வேண்டும்.

“அப்டின்னா எழுது. ஓடைங்க பேரத் தப்பா எழுதியிருந்தா நான் சொல்றேன்” என்றாள். எந்தச் சரிவில் சாமை விதைப்பார்கள், மழை வந்தால் எந்த வழி முதலில் அடைபடும், நோயாளியை டோலி கட்டித் தூக்கும்போது எத்தனை பேர் தோள் மாற்றுவார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நடக்காத ஒன்றை வாசகர் நம்ப வேண்டுமென்றால் அதைச் சுற்றியிருக்கிற எல்லாம் நடப்பதாக இருக்க வேண்டும். அம்மாவின் கம்பெனியில் ஒரு தையல் விலகினாலும் அப்பர் திரும்பி வந்துவிடும். இந்த எழுத்தும் அப்படித்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

தேர்வுக்கு நடுவில் ஓர் இடைவேளை.

எட்டாம் வகுப்புத் தம்பிதான் என் முதல் வாசகன். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித்துறை 2022-ல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ இதழ் அவனுக்குக் கிடைக்கிறது. அதில் எழுத வேண்டும் என்று அவனுக்கும் ஆசை. அந்த இதழ் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல், நீளமாக எழுதுகிற தெம்பு வருகிற வயதில், பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. 1947-ல் தொடங்கி எத்தனையோ வீடுகளுக்கு வேதாளத்தைக் கொண்டுவந்த அம்புலிமாமா இதழும் இப்போது வருவதில்லை. பூந்தளிர் இதழை நடத்திய வாண்டுமாமா 2014-ல் மறைந்துவிட்டார்.

இடம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ கதையில் மரப்பாச்சி பேசுகிறது. தவறான தொடுதலைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற குழந்தைக்கு அந்தப் பேச்சு வழி திறக்கிறது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ ஒரு சிறுவனைக் கீழடியின் பழங்காலத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டுமே பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை. சிறுவர்களுக்கு என்றால் மாயத்தை ஏற்கிறோம். பதினெட்டு வயதானவர்கள் அதே மாயத்தில் முதிர்ந்த கேள்விகளைக் கேட்டால் எங்கே அனுப்புவது என்பதுதான் தெரியவில்லை.

மேரி ஷெல்லி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கும் வயது 18. அது 1816-ஆம் ஆண்டின் கோடை. முந்தின ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி உலகின் வெயிலையே குறைத்திருந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று போட்டி வைத்ததில் பிறந்த நாவல் அது. அதன் அடியிலும் கெட்டுப்போன வானிலை இருந்தது, மனிதன் தான் படைத்ததற்குப் பொறுப்பேற்கிறானா என்ற கேள்வியும் இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

கார்த்திகைக் கடைஞாயிறு. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. குழந்தை வரம் வேண்டும் பெண்கள் நள்ளிரவில் சிம்மத் தீர்த்தக் கிணற்றில் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். கனவில் பழமோ பூவோ வந்தால் வரம் கிடைத்ததாக நம்பிக்கை. அந்தக் கிணற்றுக்குள் சிங்கத்தின் வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதே கோயிலில் நிழல் விழும் இடத்தைப் பார்த்து மணி சொல்கிற கல்லும் இருக்கிறது.

சிங்க வாய்க் கிணறு, கனவில் கிடைக்கும் விடை, வெயிலைக் கொண்டு மணி சொல்லும் கல். இவை என் கதைக்குள் வந்தால் கற்பனை வளம் என்பார்கள். இங்கே இவை ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை. அந்தப் பெண்கள் எதற்காகக் குளிரில் படுத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டுதல் இருக்கிற இடத்தில்தான் மாயமும் இருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

கடைசி அத்தியாயம் முடிந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தக் கெணத்துக்காரங்களுக்குத் தண்ணி திரும்ப வந்துச்சா?” என்று கேட்டாள். வந்ததாக நான் எழுதவில்லை. வரவில்லை என்றும் எழுதவில்லை. அவள் கேட்டதே எனக்குப் போதுமான பதில்.

ஆசிரியர்களிடமும் பத்திரிகை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாயக்கதை எழுதுகிற மாணவர் படிப்பை விட்டு ஓடுகிறவர் அல்ல. தன் ஊரின் ஆற்றையும் மலையையும் சட்டத்தையும் வழக்கத்தையும் பாடத்துக்கு மேலே போய்த் தெரிந்துகொள்கிறவர். கல்லூரி மலரில் சில பக்கங்கள், வார இதழில் ஆண்டுக்கு ஒரு சிறப்பிதழ், வகுப்பில் மாதம் ஒரு மணி நேரம் கொடுங்கள். எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

என் வயதில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஆறு எங்கே தொடங்குகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். உங்கள் மாயத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்று கேளுங்கள். பிறகு எழுதத் தொடங்குங்கள், முடிக்காமல் விடாதீர்கள்.