மருத்துவர் பெயர் தாங்கிய பறவை

தாமசு ஜெர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1836ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்றுச் சென்னை மாகாணம் வந்தடைந்தபோது அவருக்கு வயது 24. படைவீரர் நோயுற்றுக் கிடந்த முகாம்களே அவருக்கு வாய்த்த களம். படை சென்ற இடமெல்லாம் அவரும் சென்றார். பகற்பொழுது நோயாளருக்குப் போக, எஞ்சிய நேரமெல்லாம் பறவைகளைத் தேடித் திரிந்தார்.

தாம் திரட்டிய பறவைத் தோல்களை இனங்கண்டு சொல்லுமாறு சுகாட்லாந்து அறிஞர் ஜார்டைனுக்கு அனுப்பிவைத்தார். அவை கடல்கடந்து போய்ச் சேர்ந்தபோது அந்துப்பூச்சி அரித்திருந்தது. எத்தனை நாள் உழைப்பு! அதன்பின் அவர் தம் கண்ணையே நம்பலானார்.

1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்களுடன் ஒரு நூலை வெளியிட்டார். அப்படங்களுள் பலவற்றைத் தீட்டியோர் இந்நாட்டு ஓவியரே. பறவையின் ஒவ்வோர் இறகையும் உற்றுநோக்கி அவர்கள் வரைந்தனர். 1862க்கும் 1864க்கும் இடையே ‘இந்தியப் பறவைகள்’ என்னும் பெருநூல் வந்தது. நூலக வசதியற்ற தொலைவூர்களில் பணிபுரிந்தோருக்கு அது உற்ற துணையாயிற்று.

அவர் கண்டெடுத்த பறவைகளுள் ஒன்று, பகலில் முட்புதரிடையே பதுங்கி இரவில் இரைதேடுவது. மார்பில் இரு பட்டைகள் உடையது. 1848இல் கல்கத்தாவிலிருந்த பிளைத்து அதனை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அது ஜெர்டன் பெயராலேயே வழங்கலாயிற்று. 1872இல் மருத்துவர் மறைந்தார். 1900க்குப் பின் பறவையும் எவர் கண்ணிலும் படவில்லை. ‘எவர் கண்ணிலும்’ என்பது பிழை. அறிஞர் கண்ணில் என்பதே சரி.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண் ஆந்திர மாநிலத்துக் கடப்பை மாவட்டத்தில் ஊரூராக விசாரித்தார். 1986 சனவரியில் ரெட்டிப்பள்ளிக்கு அருகே, ஐத்தன்னா என்னும் உள்ளூர் வேடர் இரவில் விளக்கொளியில் அப்பறவையைப் பிடித்துவிட்டார்! உலகம் அழிந்ததென்று எண்ணிய அதற்குத் தெலுங்கில் ‘கலிவி கோடி’ என்று பெயர். கலிவிப் புதர்க்கோழி என்பது பொருள்.

பிடிபட்ட பறவை நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அது வாழ்ந்த புதர்க்காடு 1988இல் சரணாலயமாயிற்று. பின்னர் அவ்வழியே வரவிருந்த தெலுங்கு கங்கைக் கால்வாயும் அதற்காகத் தடம் மாற்றப்பட்டது.