மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு

உங்கள் வீட்டுக்காரருக்குக் கடலூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வீர்கள்? "கடலூரா? அங்கே புயலைத் தவிர என்ன இருக்கிறது?" என்று ஒரு பாட்டம் அங்கலாய்ப்பீர்கள். பிறகு பெட்டி படுக்கைகளைக் கட்டத் தொடங்குவீர்கள். பாதி கட்டும்போதுதான் அந்தக் கேள்வி எழும்: "ஜாகை எங்கே பார்ப்பது?"

மஞ்சக்குப்பத்தில் பாருங்கள் என்பேன் நான். என் பெரியம்மா ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கே குடித்தனம் நடத்தி வருகிறாள். அதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியதில்லை.

கடலூர் என்பது ஒரே ஊர் அல்ல. நாலைந்து ஊர்களை ஒன்றாக வைத்துத் தைத்த ஒட்டுப் போர்வை அது. தெற்கே துறைமுகமும் பழைய கடைத்தெருவுமாக முதுநகர். பாடலீசுவரர் கோயிலைச் சுற்றித் திருப்பாதிரிப்புலியூர். கெடிலத்துப் பாலத்தைத் தாண்டி வடகரைக்கு வந்தால் மஞ்சக்குப்பம். கிழக்கே கடலோரத்தில் தேவனாம்பட்டினம். முதுநகரை 'ஓ.டி.' என்றும் இந்தப் பக்கத்தை 'என்.டி.' என்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 2021-ல் மாநகராட்சி ஆக்கினார்கள்.

மஞ்சக்குப்பம் உத்தியோகஸ்தர்களின் பேட்டை. வெகு காலம் தென்னாற்காடு ஜில்லாவின் தலைமையிடமாக இருந்த ஊர் கடலூர். 1993-ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்து போனது. மிச்சம் கடலூர் மாவட்டமாயிற்று. பழைய கலெக்டர் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில்தான் இருந்தது. ஆகவே மாற்றலாகி வந்தவர்களும் மாற்றலாகிப் போகிறவர்களும் இங்கே சகஜம். புதிதாக வந்தவளை ஜன்னல் வழியே உற்றுப் பார்க்கும் வழக்கம் இந்தத் தெருக்களில் கிடையாது. நேரே வந்து, "தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டீர்களா?" என்றுதான் கேட்பார்கள்.

ஊரின் பழங்கதையும் சற்று வேடிக்கையானது. 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலம்! நாலு பக்கமும் சுட்டுப் பார்த்தார்கள். குண்டின் எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. இன்றைக்கும் இங்கே குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் உண்டு. அந்தக் குண்டுதான் பெயரில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். நம் வீடுகளில் பாகப்பிரிவினைக்கு அரை முழம் சுவருக்காகக் கோர்ட்டு ஏறுகிறோமே, அதை நினைத்தால் இந்தப் பீரங்கி அளவை எவ்வளவோ தேவலை என்று தோன்றவில்லையா?

அந்தக் கோட்டைக்குப் பெயர் செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, 1752 வரையில் தெற்கே ஆங்கிலேயரின் தலைமையிடம் இதுதான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக வந்தார். கவர்னர்கள் காற்று வாங்கி வசிப்பதற்கென்று மஞ்சக்குப்பத்தில் ஒரு தோட்ட மாளிகை இருந்தது. பிற்காலத்தில் அது கலெக்டரின் வாசஸ்தலமாயிற்று. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது இடிந்த சுவர்கள்தாம் மிச்சம்.

கவர்னர்களை விடுங்கள். எழுத்தாளர் ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது இந்த மஞ்சக்குப்பத்தில்தான். 1927-ல் நீல் சிலையை அகற்றக் கோரிச் சென்னையில் நடந்த சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவரும், 1937-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான அஞ்சலையம்மாள் பக்கத்து முதுநகரில் பிறந்தவர். தம்முடைய சிறு பெண்ணையும் அந்தப் போராட்டத்துக்கு அழைத்துப் போனவர் அவர். மழைத் தூறலுக்குக் குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தயங்கும் நாம் அந்த அம்மாளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, குடித்தன விஷயத்துக்கு வருவோம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம். காலையில் கடலில் இருந்தது பத்து மணிக்குக் குழம்பில் இருக்கும். வெயில் காலத்தில் பண்ருட்டிப் பலாப்பழம் தெருவுக்குத் தெரு மணக்கும். முந்திரிப் பருப்புக்கும் குறைவில்லை. சாயங்காலம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்குப் போகலாம். 'சில்வர் பீச்' என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துத் தெய்வங்களெல்லாம் அங்கே தீர்த்தவாரிக்கு வரும்.

தை மாதம் ஐந்தாம் தேதி பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. ஊரே மணலில் திரண்டிருக்கும். போனால் சுருளிக்கிழங்கு வாங்காமல் வராதீர்கள். வெறுங்கையோடு வந்தால், "ஆற்றுக்குப் போனேன் என்று சொல்லாதே!" என்று பெரியம்மா கேலி செய்வாள்.

இவ்வளவு சொன்னவள் மற்றதையும் மறைக்கக் கூடாது அல்லவா? தெற்கே கெடிலம், வடக்கே பெண்ணையாறு, கிழக்கே கடல். மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது மஞ்சக்குப்பம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையில் ஏறிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் பெருமழை. 2024 டிசம்பரில் பெண்ணையாறு பெருகிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வீட்டுக்கு எத்தனை படி? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? மாடிக்குப் போக உள்ளேயே வழி இருக்கிறதா? சமையலறைக்குப் புகைபோக்கி இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

2024 வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வீட்டை விற்றுவிடத் தீர்மானித்தான். "நீ போய்ச் சொன்னால் கேட்பாள்" என்று என்னை அனுப்பினான். தூது போகிறவர்களுக்கு உரிய பயத்தோடுதான் போனேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். திண்ணையில் ஒரு மீன் கூடை. அருகில் அதன் சொந்தக்காரி, தேவனாம்பட்டினத்து அம்மாள், காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். சுனாமியில் மருமகளைப் பறிகொடுத்தவள். அன்றைக்கு ஈரப் புடவையோடு பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், முதலில் திறந்திருந்த கதவு என்று இந்த வீட்டுக்குள் நுழைந்தாள். பெரியம்மா அண்டாவில் சோறு வடித்தாள். அன்று அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் அதுதான் நடந்தது. அதுமுதல் மீன் விற்றாலும் விற்காவிட்டாலும், தினம் அரைமணி நேரம் அந்தத் திண்ணையில் கூடையை இறக்கிவிட்டுத்தான் போகிறாள்.

அவள் போன பிறகு நான் மெல்லப் பேச்சை எடுத்தேன். அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கரை சேர்த்த ஊர் இது என்பார்கள். இங்கே கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் இடம் உண்டு. பெரியம்மா அதைச் சொல்லித்தான் என் வாயை அடைப்பாள் என்று நினைத்தேன். அவள் புராணம் எதுவும் பேசவில்லை.

"ஏண்டி, தண்ணீர் வந்தால் நான் மாடி ஏறிக்கொள்வேன். தானே புயலில் ஓடு போயிற்று. வேறு ஓடு போட்டேன். நான் மெட்ராஸுக்கு வந்துவிட்டால் அவள் கூடையை எங்கே இறக்குவாள்?" என்றாள்.

சென்னைக்குத் திரும்பி வந்து இதை அப்படியே சொன்னேன். மகனுக்குக் கோபம்தான். அவன் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தத் தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனவன், மாடிப் படிக்கு இரும்புக் கைப்பிடி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். விற்பனைப் பேச்சு அதோடு நின்றிருக்கிறது.

ஆகையால் மாற்றல் உத்தரவைப் பார்த்துக் கலங்காதீர்கள். படிகள் உயரமான வீடாகப் பார்த்துக் குடியேறுங்கள். வாசலில் ஒரு திண்ணையும் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.