எண்ணப்பட்ட இரவுகள்

புழலில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு இரவு வேலை வரும் வாரங்களில் அம்மாவுக்கு உறக்கம் பிடிக்காது. என்னையும் அழைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாள். கிழக்கே, மணலிப் பக்கத்து ஆலைச் சுடரின் ஒளி தாழ்ந்த மேகங்களில் பட்டு, விரிந்தும் சுருங்கியும் கிடக்கும். "அடுத்து எப்போ பெரிசாகுது, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்பாள். ஏழு, பன்னிரண்டு, ஐந்து... கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். சீரான தாளம் ஒருநாளும் அகப்பட்டதில்லை.

2024 மே 10 அன்று பெரும் சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. அவ்விரவில் லடாக்கின் ஹான்லேயில் அடிவானம் சிவந்த படங்களை மறுநாள் கண்டபோது, அந்த மாடி நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் அட்சரேகையில் ஏதும் தெரியாதென்று அறிந்தே அன்றிரவு மேலேறி நின்றேன். பிறகு துருவ ஒளியைப் பற்றித் தேடித்தேடிப் படித்ததில், என்னை ஆட்கொண்டது அதன் எளிய வகையொன்று: துடிக்கும் துருவ ஒளி.

திரைச்சீலைபோல் ஆடும் பேரொளிகள் ஓய்ந்த பின், பெரும்பாலும் நள்ளிரவு கடந்து, விடியலை நோக்கி அது தோன்றும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் மங்கலான திட்டுகள். ஒவ்வொன்றும் சில நொடிகள் முதல் சில பத்து நொடிகள் வரையிலான இடைவெளியில் ஒளிர்ந்து மங்கும். அடுத்தடுத்த திட்டுகள்கூட ஒரே தாளத்தில் துடிப்பதில்லை. ஓர் இரவைப் பார்த்து எதுவும் சொல்லிவிட முடியாது. எனவே வானம் முழுவதையும் ஒரே சட்டத்தில் அடக்கும் படக்கருவிகளைத் தரையில் நிறுத்தி, குளிர்கால இரவுகளைப் படமாக்கி, ஒளிர்ந்த நேரத்தையும் இருண்ட நேரத்தையும் கணக்கிடுகிறார்கள். புகழ்பெற்ற ஓரிரவு சொல்லாததைப் பெயரில்லாத பல இரவுகள் சேர்ந்து சொல்லுகின்றன.

அந்தத் துடிப்பின் மூலம் அவ்வொளியில் இல்லை. நிலநடுக்கோட்டுத் தளத்தில், பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழும் 'கோரஸ்' அலைகள் எலக்ட்ரான்களை அலைக்கழித்துக் காந்தப்புலக் கோடுகளின் வழியே துருவப் பகுதிகளில் கொட்டுகின்றன. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் இதை நேரடியாகக் கண்டதை, தரைப் படக்கருவியின் பதிவோடு பொருத்தி 2018-இல் அறிவித்தார்கள். அவ்வலைகளை ஒலியாக மாற்றினால், விடியற்காலைப் பறவைக்கூட்டத்தின் இரைச்சல்போல் கேட்குமாம்.

எங்கள் ஏரியிலும் பறவைகள் இரையத் தொடங்கும் வேளையில்தான் அப்பாவின் சைக்கிள் மணி கேட்கும். அம்மா எழுந்து கீழே போய்விடுவாள். என் எண்ணிக்கையும் நின்றுவிடும். அந்த நோட்டு இப்போது இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. வானத்துக் கணக்கை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தனை இரவுகளிலும் அவள் வேறொரு கணக்கை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிய இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.