முதுகில் ஓவன், பத்தாம் நம்பர்

‘நீ எப்பிடிடா லிவர்பூல்?’ என்று கேட்காத ஆள் இல்லை. வகுப்பில் கேட்டார்கள், கம்பஸில் கேட்டார்கள், இப்போது வேலை செய்கிற இடத்திலும் கேட்கிறார்கள். என் வயதுப் பொடியன்கள் பெரும்பாலும் மன்செஸ்டர் யுனைட்டட், இல்லாட்டி செல்சி, பார்சிலோனா. உலகக் கிண்ணம் வந்தால் ஊரே பிரேசில், ஆர்ஜென்டினா என்று ரெண்டாகப் பிரியும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் லிவர்பூல் லீக் கிண்ணத்தைக் கண்ணாலும் காணவில்லை. அப்படியொரு ரீமைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் காரணம் கேட்கத்தான் செய்வார்கள். நான் ‘ஜெராட்’ என்று சொல்லிச் சமாளிப்பேன். அது பொய். ஜெராட் யாரென்று தெரிய முன்னமே நான் லிவர்பூல். காரணம் ஒரு சேட்.

நாங்கள் நாவலடி. தெரியாத ஆக்களுக்குச் சொல்வதென்றால், கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரையோரமாக வடக்கே போனால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவில் நீளுகிற மணல். அது முடிகிற இடம் முகத்துவாரம். எங்கட ஆக்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். கரைவலை இழுத்து முடிந்த பிறகு கிடைக்கிற மணல்தான் எங்களுக்கு மைதானம். தென்னம்மட்டை ரெண்டை நட்டால் கோல். பந்து கடலுக்குள் போனால் அடித்தவனே போய் எடுக்க வேண்டும். ஆத்துப் பக்கம் போனால் சின்னப் பொடியன்கள் எடுக்க வேண்டும். நான் சின்னப் பொடியன். ஆகவே உதைபந்தாட்டத்தில் என் ஆரம்பகால அனுபவம் முழுக்க முழங்கால் தண்ணிக்குள்தான்.

அண்ணன் என்று நான் சொல்வது பெரியம்மாட மகனை. என்னைவிட ஏழு வயது மூப்பு. பெக்கம் பைத்தியம். கொப்பி மட்டையில் பெக்கம்ட படம், அதுக்கு மேலே பேனையால் பெரிசாக 7. 2003ல் பெக்கம் ரியல் மட்ரிட்டுக்குப் போன பிறகும் அண்ணன் மன்செஸ்டர் யுனைட்டட்டை விடவில்லை. பொடியன்கள் பகிடி பண்ணினால், ‘ஆள்தான்டா போனது, ரீம் அங்கதான கிடக்கு’ என்பான். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா நாளும் கூட. காலையில் அண்ணன் ஆக்களுக்கு மெச் இருந்தது. நான் பந்து பொறுக்க வேண்டிய ஆள். ஆனால் முதல் நாளே அம்மா என்னை ஊறணியில் மாமி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். தோணியில் ஏறும்வரை அழுதேன். அண்ணன் கரையில் நின்றுகொண்டு, ‘வாற கிழமை உன்னைக் கோலுக்கு நிக்க விடுறன், இப்ப போ’ என்றான்.

மறுகா கடல் வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். இலங்கை முழுக்க முப்பதாயிரம் பேருக்கு மேல். அப்பா ஆழ்கடலில் தொழிலுக்கு நின்றதால் தப்பினார். நாவலடியில் வீடு என்று சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் போட்டார்கள். ஒரு வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். லொறி லொறியாக உடுப்பு வந்தது. குளிர் கோட்டு, கம்பளிக் காலுறை, ஒருநாள் முழு கோட் சூட் ஒன்றும் வந்தது, மட்டக்களப்பு வெயிலுக்கு! மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ‘எடுங்க’ என்பார்கள். அம்மா போக மாட்டார், வெட்கம். அம்மம்மாதான் போவார். அப்படி ஒருநாள் அவர் கொண்டுவந்ததுதான் அந்தச் சிவப்புச் சேட். பெரியாக்களின் அளவு. எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ஒரு பெரிய சொல். முதுகில் ஒரு சின்னச் சொல்லும் 10ம்.

நெஞ்சில் இருந்ததை மாமாதான் முதலில் வாசித்தார். வாசித்துவிட்டு நிலத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். ‘கார்ல்ஸ்பேர்க்! மனே, இது பியர் கொம்பனிட பேர்!’ அந்த வகுப்பறையில் எல்லாரும் சேர்ந்து சிரித்த முதல் நாள் அது. பெரியம்மா சிரிக்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தார். அம்மா அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு துணித்துண்டை வைத்துத் தைத்தார். ரெண்டாம் நாளே அது கழன்றுபோனது. பிறகு யாரும் கவலைப்படவில்லை.

முதுகில் இருந்ததை விளங்கப்படுத்தியது இன்னொரு ஆள். பின்னேரங்களில் பிள்ளைகளோடு விளையாட ரவுணிலிருந்து ஒரு கம்பஸ் அண்ணன் வருவார். என்னைக் கண்டதும், ‘அடேய், ஓவனா?’ என்றார். பிறகு இருத்திவைத்துச் சொன்னார்: ‘மைக்கல் ஓவன். 2001ல ஐரோப்பாவிலயே நல்ல ஆட்டக்காரன் எண்டு தங்கப் பந்து குடுத்தாங்க. லிவர்பூல்ட செல்லப்பிள்ளை. போன ஓகஸ்ட் மாசம் விட்டிட்டு ரியல் மட்ரிட்டுக்குப் போயிட்டான். கோவத்தில ஆரோ சேட்டைக் கழட்டி மூட்டைக்குள்ள போட்டிருக்காங்க.’

அவர் பகிடியாகத்தான் சொன்னார். சேட்டைத் தந்தவருக்கு உண்மையில் கோபமோ, இல்லை எங்களில் இரக்கமோ, யாருக்குத் தெரியும். ஆனால் எட்டு வயதில் எனக்கு அது பெரிய விஷயம். அண்ணன்ட பெக்கம் போன அதே ரியல் மட்ரிட். அண்ணன் சொன்ன அதே நியாயம். ஆள்தான் போனது, ரீம் அங்கதான் கிடக்கு. அண்டைக்கு இரவு பாயில் படுத்துக்கொண்டு, நான் லிவர்பூல் என்று முடிவெடுத்தேன். ஒரு மெச்கூடப் பார்த்ததில்லை. யாரும் கேட்கவுமில்லை.

என் முதல் மெச்சையும் நான் பார்க்கவில்லை. கேட்டேன். 2005 மே மாதம் நாங்கள் திராய்மடுவில் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி இஸ்தான்புல்லில், லிவர்பூலுக்கும் ஏசி மிலானுக்கும். எங்கட நேரம் இரவு 12.45. (வாவிக்கு அங்கால், இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில், 12.15. அரசாங்கம் 1996ல் மாற்றிய நேரத்தை இயக்கம் ஏற்கவில்லை. ஒரே வாவி, ரெண்டு மணிக்கூடு.) எங்களுக்கு எந்த மணிக்கூட்டிலும் ரீவி இல்லை. அடுத்த நாள் பின்னேரம் கம்பஸ் அண்ணன் வந்தார், கண் ரெண்டும் சிவந்துபோய். மணலில் கோடு போட்டார். பதினொரு சிரட்டை ஒரு பக்கம், பதினொரு கல் மறு பக்கம்.

‘முதலாவது நிமிசமே மால்டினி அடிச்சிட்டான். மறுகா கிரெஸ்போ ஒண்டு. கிரெஸ்போ இன்னொண்டு. பாதி நேரத்தில மூண்டுக்குப் பூச்சியம். நான் ரீவிய நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன்டா.’ இந்த இடத்தில் அவர் நிறுத்தினார். கூத்தில் அண்ணாவியார் நிறுத்துவாரே, அப்படி. எங்களுக்கு மூச்சு வரவில்லை. ‘படுத்தா நித்திரை வருதா? எழும்பி மறுகா போட்டன்.’ 54ல் ஜெராட் தலையால். 56ல் ஸ்மிட்சர் தூரத்திலிருந்து. 60ல் பெனால்டி, அலொன்சோ அடித்ததைத் தடுத்துவிட்டார்கள், திரும்பி வந்த பந்தை அலொன்சோவே அடித்து ஏற்றினான். ஆறு நிமிடத்தில் மூன்று. சிரட்டைகள் பறந்தன. கடைசியில் பெனால்டி உதைகளில் டுடெக் பிர்லோவைத் தடுத்து, ஷெவ்செங்கோவையும் தடுத்தபோது நான் எழும்பி ஓடத் தொடங்கினேன். எங்கே என்றில்லை, கொட்டில்களுக்கு நடுவால் சும்மா ஓடினேன். அந்தச் சேட்தான் போட்டிருந்தேன். கால் தடக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. தழும்பு இருக்கிறது.

அந்த மெச்சைப் பிற்காலத்தில் எத்தனையோ தரம் வீடியோவில் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் சிரட்டை மெச்தான் நல்லம்.

அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் எல்லா ரசிகர்களுக்கும் பொதுவானது, வேகமாகச் சொல்லிவிடலாம். 2014ல் செல்சிக்கு எதிராக ஜெராட் சறுக்கி விழுந்தபோது எங்கள் வகுப்பே என் முன்னால் ஒவ்வொருத்தனாகச் சறுக்கி விழுந்து காட்டியது. 1990க்குப் பிறகு லீக் கிண்ணம் 2020ல் வந்தது, ஊரெல்லாம் கொரோனாப் பயத்தில் இருந்த நேரம். ‘உனக்கும் அந்த நாட்டுக்கும் என்னடா சம்பந்தம்’ என்று கேட்கிறவர்களிடம், வெபர் மைதானத்துக்குப் போகும்போது இதைக் கேளுங்கள் என்பேன். மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹரோல்ட் வெபர் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அவர் பேரில் மைதானம் இருக்கலாம், எனக்கொரு சேட் இருக்கக்கூடாதா?

சம்பந்தம் என்ன என்று எனக்கே ஒரு கேள்வி வந்தது நெட் கஃபேயில். பதினைந்து வயதிருக்கும். பழைய முடிவுகளைத் தேடிக்கொண்டிருந்தவன் ஏனோ அந்தத் தேதியைத் தட்டிப் பார்த்தேன். 2004 டிசம்பர் 26. வெஸ்ட் புரொம்விச் 0, லிவர்பூல் 5. இங்கே பொழுதுபட்டு, சனம் ரோச் லைட்டோடு ஆக்களைத் தேடித் திரிந்த நேரம் அங்கே ஐந்து கோல் அடித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. நத்தாருக்கு மறுநாள் இங்கிலாந்தில் ஒவ்வொரு வருசமும் மெச் நாள். குடும்பம் குடும்பமாக மைதானத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு வருசமும்! எங்களுக்கு அது நாவலடி நினைவுத்தூபிக்குப் போகிற நாள்.

அந்தத் திரைக்கு முன்னால் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. சேட்டைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன் (சேட் அப்போது எனக்கு அளவாக வந்திருந்தது). தேடிக்கொண்டே போனேன். லிவர்பூலுக்கும் ஒரு நாள் இருந்தது. 1989 ஏப்ரல் 15, எங்கட புத்தாண்டுக்கு மறுநாள். ஷெபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் மெச் பார்க்கப் போன லிவர்பூல் சனம் நெரிசலில் செத்தது. அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள். கடைசியாகச் செத்தவர் அந்தக் காயத்தோடு 32 வருசம் இருந்து, 2021ல் போனார். அவரோடு 97 பேர். குடிகார ரசிகர்கள்தான் காரணம் என்று பொலிசும் ஒரு பத்திரிகையும் பழி போட்டன. குடும்பங்கள் விடவில்லை. 2016ல்தான் ஒரு விசாரணை ஜூரி, ரசிகர்கள் மேல் பிழையில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றது. 27 வருசம். படங்களை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அம்மாமாரைத் திரையில் பார்த்தபோது எனக்கு அது வெள்ளைக்காரரின் கதையாகப் படவில்லை. மட்டக்களப்பில் காந்தி பூங்காவடியில் படத்தோடு நிற்கிற அம்மாமாரைப் பார்த்து வளர்ந்த எவனுக்கும் படாது. நான் சேட்டைக் கழற்றவில்லை.

ஆனால் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். டிசம்பர் 26 மெச் பார்ப்பதில்லை. 2018ல் நியூகாசிலுக்கு நாலு அடித்தார்கள், எங்கட நேரம் இரவு எட்டரை, பார்க்கவில்லை. 2019ல் லெஸ்டரோடு மெச் அங்கே இரவு எட்டு மணிக்கு. அப்படியென்றால் இங்கே அதிகாலை ஒன்றரை, தேதி 27! அதையும் நாலுக்குப் பூச்சியம் வென்றார்கள், முழுக்கப் பார்த்தேன். கள்ளத்தனம்தான். அண்ணனாக இருந்தால் இதைவிட நல்ல கள்ளத்தனம் கண்டுபிடித்திருப்பான்.

பெரியம்மாட கதைக்கு வருகிறேன். 2009 ஜூலையில் ஓவன், என் முதுகில் கிடந்த அதே ஓவன், மன்செஸ்டர் யுனைட்டட்டில் சேர்ந்தான். சேர்ந்தது மட்டுமா, போட்டுக்கொண்டது 7ஆம் நம்பர். பெக்கம் போட்ட 7. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் பேப்பரில் அதைப் பார்த்துத் தனியச் சிரித்தேன்.

‘என்ன மனே சிரிக்கா?’

சொன்னேன். என்ட ஆள் அண்ணன்ட ரீமுக்குப் போயிட்டான் பெரியம்மா, அண்ணன்ட நம்பரையும் எடுத்திட்டான். நாலரை வருசத்தில் அண்ணனைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் கதைத்தது அதுதான் முதல் தடவை. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் மீனைக் கழுவினார். பிறகு, ‘அவன்ட ரீம் இப்ப வெல்லுதா?’ என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் லிவர்பூல் ரசிகன், யுனைட்டட்டின் செய்தியாளன். வாரத்துக்கு ஒரு தரம் கேட்பார். வென்றால் வென்றது என்பேன். தோற்றால் ‘சமன்’ என்பேன். 2013ல் பேர்கசன் ஓய்வு பெறும்வரை பிரச்சினை இல்லை. அதுக்குப் பிறகு பெரியம்மாட கணக்கில் உலகத்திலேயே அதிகமாகச் சமன் செய்கிற ரீம் மன்செஸ்டர் யுனைட்டட்தான்.

2023 மார்ச் 5, ஞாயிறு இரவு பத்து மணி. லிவர்பூல் 7, யுனைட்டட் 0. கக்போ ரெண்டு, நூனியஸ் ரெண்டு, சாலா ரெண்டு, கடைசியில் பெர்மினோ ஒன்று. இந்த ரெண்டு ரீமும் விளையாடின மெச்சில் நான் கனவிலும் காணாத கணக்கு. விடிய விடிய போன் நிற்கவில்லை. காலையில் திராய்மடுவுக்குப் போனேன், மாமி தந்த கூனி இறாலைக் குடுக்க. பெரியம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

‘ராத்திரி மெச்சாமே. என்னவாம்?’

‘சமன், பெரியம்மா.’

விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டு, தேத்தண்ணி ஊத்த உள்ளே போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

‘பக்கத்து வீட்டுப் பொடியன் ஏழு எண்டான். அவன் இருந்திருந்தா இண்டைக்கு உன்னைப் படியில ஏற விட்டிருக்கமாட்டான், தெரியுமா? சீனி போடவா?’