பூச்சில்லாத கொத்து வேலை

நம் ஊரில் கொத்தனாரின் பிழையைப் பூச்சு காப்பாற்றிவிடும். வரி கோணினாலும் சந்து நிரம்பாவிட்டாலும் ஒரு சட்டி கலவையை இழைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கோபன்ஹேகன் பிஸ்பெபியர் மேட்டில் நிற்கும் க்ருண்ட்விக் ஆலயத்தில் அந்தச் சலுகை கிடையாது. சுவர், தூண், வளைவு, தரை, பிரசங்க பீடம், பலிபீடம் எல்லாமே மஞ்சள் செங்கல். எங்கும் பூச்சு இல்லை. கண்ணாடியில்கூட வண்ணமில்லை.

பாடலாசிரியரும் போதகருமான க்ருண்ட்விக்கின் நினைவாக எழுந்தாலும், இது அந்த வட்டாரத்து மக்களின் ஆலயம்தான். சுற்றியுள்ள வீடுகளும் இதே மஞ்சள் செங்கல்லில் ஒரே திட்டத்தோடு எழுந்தவை. வடிவமைத்தவர் பி. வி. யென்சன்-கிளின்ட். டென்மார்க்கின் கிராமத்து ஆலயங்களில் இருக்கும் படிப்படியான முகட்டுச் சுவரை எடுத்து 49 மீட்டர் கோபுரமாக உயர்த்திவிட்டார். ஆர்கன் குழாய்களை நினைவூட்டும் அந்த முகப்புதான் எல்லாப் படங்களிலும் வருகிறது. எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே பட்டது. ஆலயத்தின் அருமை உள்ளே இருக்கிறது.

என்னோடு வந்தவர் ஓய்வுபெற்ற கொத்தனார். உள்ளே நுழைந்ததும் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. சுவரில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரியின் ஓட்டத்தைப் பார்த்தார். எந்த ஊர்க் கொத்தனாரும் அப்படித்தான் பார்ப்பார். பிறகு என் கையைப் பிடித்துத் தூணில் வைத்தார். வெளிச்சுவரில் கையை உறுத்திய அதே செங்கல், இங்கே வழவழவென்று இருந்தது. உட்பக்கச் செங்கற்களைக் கையாலேயே தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கட்டடத்துக்கு ஆன கற்கள் பல லட்சம் என்று யோசித்தால், நமக்கே தோள்பட்டை வலிக்கிறது.

மஞ்சளுக்குச் சாயம் காரணமில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த களிமண் சூளையில் அப்படித்தான் வேகும். நம்முடைய சிவப்புக்கு மண்ணிலுள்ள இரும்பு காரணம்.

தூண்களின் விளிம்புகள் தரையிலிருந்து புறப்பட்டு, நிற்காமல் மேலேறி, கூரை வளைவின் விலாக்களாகப் பிரிகின்றன. இத்தகைய வளைவுக்கு முதலில் மரத்தில் சென்ட்ரிங் அடித்து, அதன்மேல் விலாவைக் கட்டி, இடைப்பகுதியை நிரப்ப வேண்டும். மரத்தைப் பிரித்த பிறகு பாரமெல்லாம் விலா வழியாகத் தூணில் இறங்கும். சந்தில் ஒரு நூல் பிசகினாலும் மேலே போகப்போக அது வளர்ந்துகொண்டே போகும். மறைக்கப் பூச்சும் இல்லை.

1921இல் அடிக்கல் நாட்டினார்கள். 1927இல் கோபுரம் முடிந்தது. 1930இல் யென்சன்-கிளின்ட் காலமானார். மகன் கோர கிளின்ட் எஞ்சிய வேலையை 1940இல் முடித்தார். அப்பாவின் வரைபடத்தை மகன் திருத்தி அழகுபடுத்த முயலவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. தன் கைவரிசையை அவர் காட்டியது நாற்காலிகளில்: பீச் மரச் சட்டம், பின்னிய இருக்கை, பின்னால் அமர்பவர் பாட்டுப் புத்தகம் வைக்க முதுகுப்புறம் ஒரு பெட்டி. நீண்ட மர பெஞ்சுகளைத் தவிர்த்ததால் அந்தத் தூண்கள் அடிவரை தெரிகின்றன.