பழைய இரும்பும் புதிய ரப்பரும்

பனிக்காலம் என்னும் சொல் நம் அன்பர்கள் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறி வாழ்வோருக்கு அது வெண்பனி வீழும் காலம். அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். ரேடியேட்டர் நீர் உறைந்துவிடாமல் அதில் மருந்து கலப்பார்கள். சித்தூர்ச் சீமையிலோ அது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கி மார்கழி மூடுபனியில் முடிவது. இங்கே நீர் உறைவதில்லை. ஆனால் அது புகாத இடமுமில்லை. பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே சோதனைக் காலங்கள்தாம்.

எங்கள் வசம் இருப்பது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஆலையில் பிறந்தது. இவ்வகை வண்டி 1962ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பெற்றது. துணிக் கூரை, 1147 கன சென்டிமீட்டர் எஞ்சின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள், முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் ஆகியவை அதன் அமைப்பு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அக்காலத்தில் இத்தகைய வண்டிகள் நம் நாட்டுக்கு வந்தவை சிலவே. எங்கள் வண்டி திருப்பதியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல்லாண்டு நின்றிருந்தது. 2021 நவம்பரில் பெருமழை பெய்து திருப்பதியை வெள்ளம் சூழ்ந்தபோது அக்கொட்டகையிலும் நீர் புகுந்து சக்கரங்களின் பாதியளவு நின்றது. வெள்ளம் வடிந்தபின் வண்டியை லாரியில் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுவந்தோம்.

இந்த வண்டிக்கு உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்காதவர் இல்லை. ஆனால் அயல்நாட்டு வண்டி என்று நாம் எண்ணும் இதற்கு நம் பக்கத்திலேயே நெருங்கிய உறவு உண்டு. 1959இல் கவன்ட்ரியிலிருந்து ஹெரால்டு என்னும் குடும்பக் கார் வெளிவந்தது. அதற்கு உருவம் தீட்டிய இத்தாலியர் மிக்கெலோட்டியே ஸ்பிட்ஃபயருக்கும் உருவம் தீட்டினார். ஹெரால்டின் அடிச்சட்டத்தை ஒட்டி, முன்பின் சக்கரங்களின் இடைவெளியை 8 அங்குலத்துக்குச் சற்று மேல் குறுக்கி ஸ்பிட்ஃபயரை அமைத்தார்கள். அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்த வண்டியை நம் வாசகர்களுள் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆயினும் அங்கே பிறந்த வண்டிகளின் எலும்புகள் சென்னைப் புதுப்பேட்டையிலும் எங்கள் பக்கத்துக் காயலான் கடைகளிலும் தேடுவோருக்கு இன்னும் அகப்படுகின்றன.

உறவு என்பதற்காக எல்லாம் பொருந்திவிடாது. நாங்கள் பிரித்த ஹெரால்டுகளில் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒரே கார்புரேட்டரும் இருந்தன. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஆகவே டிஸ்க் பிரேக்கின் உறுப்புகளை வெளிநாட்டிலிருந்தே தருவித்தோம். ஸ்டீயரிங் ராக்கு, பின் சக்கரத்து டிரம், கதவின் கீல், வைப்பர் மோட்டார் முதலியவற்றைப் பழைய ஹெரால்டுகளிலிருந்து எடுத்து, அளவு பார்த்துப் பொருத்தினோம்.

இந்த வேலையில் எங்களை நிறுத்திச் சிந்திக்கவைத்தது முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு. அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அம்மரை ட்ரனியன் என்னும் வெண்கல உறையினுள் நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அவ்வுறைக்குள் தண்டு சுழலும். இதற்குக் கெட்டியான கிரீஸ் ஆகாது. கியர்ப் பெட்டிக்கு இடும் 90ஆம் எண் எண்ணெயே வேண்டும். எண்ணெய் வற்றி நீர் புகுந்தால் மரை துருப்பிடித்து இறுகும். இறுகிய தண்டு ஒரு நாள் ஓட்டத்திலேயே முறியும். முறிந்தால் சக்கரம் மடிந்து வண்டி மண்ணில் குத்தும். வெள்ளத்தில் நின்ற எங்கள் வண்டியின் இரண்டு தண்டுகளும் அரித்துப் போயிருந்தன.

காயலான் கடையில் மூன்று தண்டுகள் கிடைத்தன. எண்ணெய் துடைத்துப் பார்த்தபோது மூன்றும் ஒன்றுபோல் பளபளத்தன. உடனே பூட்டிவிடலாம் என்று நாங்கள் சொன்னோம். அறுபது வயதைக் கடந்த எங்கள் மேஸ்திரி இசையவில்லை. "பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க. சுண்ணாம்பு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்புறம் பூட்டலாம்," என்றார். தண்டுகளை ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். காலையில் நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணாம்புக் குழம்பை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டார். இரண்டு தண்டுகள் வெளுத்தே இருந்தன. மூன்றாவதில், மரை முடியும் இடத்தைச் சுற்றி, மயிரிழை போன்ற ஈரக்கோடு ஒன்று எழுந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் ஊறி வெளிப்பட்டுவிட்டது. அத்தண்டை வேறு எவரும் எடுத்துப் பூட்டிவிடாதபடி மேஸ்திரி இரண்டாக அறுத்துப் போட்டார்.

அன்று முதல் எங்கள் பட்டறையில் ஒரு விதி ஏற்பட்டது. இரும்பு பழையதாக இருக்கலாம். ஆனால் அது சோதனைக்கு நின்றாக வேண்டும். ரப்பர் ஒருபோதும் பழையதாக இருக்கலாகாது. இரும்பின் குறையைச் சுண்ணாம்பு காட்டும், அளவுகோல் காட்டும், தட்டினால் எழும் ஓசைகூடக் காட்டும். ரப்பரோ வெளியே கறுத்து உறுதியாக நின்று உள்ளே செத்திருக்கும். ஆகவே பிரேக் குழாய், சிலிண்டரின் ரப்பர் வளையம், விசிறிப் பட்டை, ரேடியேட்டர்க் குழாய், வைப்பரின் நாக்கு, டயர் ஆகிய அனைத்தையும் புதிதாக வாங்கினோம். பிரேக் எண்ணெயையும் முழுவதும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய், மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது விரைவில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுந்துமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது.

கீழ்ப்பக்கத் தகடு இன்னொரு பெரிய வேலை. ஸ்பிட்ஃபயரில் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு அலங்காரமன்று. வண்டியின் உறுதியில் ஒரு பங்கு அதனைச் சார்ந்தது. அதை ஹெரால்டிலிருந்து பெறவும் முடியாது. இரண்டு பக்கத்தையும் ஒருசேர வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பின்னர்க் கதவு மூடாது. எனவே கதவு வாசலுக்கு இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். தகட்டின் உட்புறம் மெழுகு கலந்த எண்ணெய் தெளித்து, அடியிலுள்ள நீர்த்துளைகளைத் திறந்துவிட்டோம். நீர் புகுவதை முற்றும் தடுக்க இயலாது. புகுந்த நீர் வெளியேற வழி வைப்பதே அறிவுடைமை.

மின்சார வேலையில் ஊர் கைகொடுத்தது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் அமரராஜா நிறுவனத்தார் செய்யும் பாட்டரி ஒன்றை வைத்தோம். நம் நாட்டுக் கார்களுக்கு வழக்கமாக எதிர்முனையை வண்டியின் உடலோடு சேர்ப்பார்கள். எங்கள் வண்டியிலோ நேர்முனையைச் சேர்க்கவேண்டும். ஆதலால் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டரியின் அருகே ஒட்டிவைத்தோம். கூரைத்துணியைச் சித்தூரில் சீட்டு தைப்பவர் ஒருவர் தைத்தார். ரேடியேட்டரில் குளிர்நாட்டார் இடும் அதே மருந்தைக் கலந்தோம். உறைதலைத் தடுக்கும் அம்மருந்து கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும். எனவே சித்தூரின் சித்திரை வெயிலுக்கும் அதுவே துணை.

எங்களில் இளையவருக்கு மட்டும் ஒரு குறை. இவ்வளவு பாடுபட்டும் வேகம் கூடவில்லையே, எஞ்சினைப் பெரிதாக மாற்றினால் என்ன என்று கேட்டார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை எடுத்துக் காட்டினோம். தயாரித்தவர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்பது அதன் கருத்து. சட்டம் ஒருபுறமிருக்க, இவ்வண்டியின் பின்சக்கரங்களுக்கும் ஓர் இயல்பு உண்டு. வளைவில் வேகமாகச் சென்று ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விட்டால் வண்டியின் பின்புறம் எழும்பும், சக்கரம் உட்புறமாக மடங்கும், வண்டி வழுக்கும். ஈரச்சாலையில் இது உயிரோடு விளையாடுவதாகும். வேகத்துக்குச் செலவிட எண்ணிய பணத்தை டயருக்குச் செலவிட்டோம். இளையவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதிவைப் புதுப்பித்தபின், மார்கழியில் ஒரு விடியற்காலை, சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் மொகிலி மலைப்பாதைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். மூடுபனியில் முன்னே செல்லும் லாரியின் பின்விளக்கு மட்டுமே தெரிந்தது. ஏற்றத்தில் சூட்டுமுள் நடுவைத் தாண்டவில்லை. திரும்பும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினோம். ஒரு வளைவில் எருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. பிரேக்கை மிதித்தோம், வண்டி கோணாமல் நேராக நின்றது. இளையவர் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். அதன்பின் பெரிய எஞ்சினைப்பற்றிப் பேசவே இல்லை. கூரைத்தையலில் ஓரிடத்தில் மட்டும் பனிநீர் சொட்டியது. அது மேஸ்திரியின் முழங்காலில்தான் விழுந்தது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை தேடி வெளியூரும் வெளிநாடும் சென்ற நம் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீக வீடுகளில், கொட்டகை மூலையில், தாத்தா ஓட்டிய ஹெரால்டு ஒன்று துணி போர்த்திக் கிடக்கலாம். வீட்டை விற்கும் அவசரத்தில் அதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அருள்கூர்ந்து அவ்வாறு செய்யவேண்டாம். முதலில் விவரம் அறிந்த ஒரு மேஸ்திரியை அழைத்துக் காட்டுங்கள். அந்த வண்டி இனி ஓடாமற்போகலாம். ஆயினும் அதன் ஒரு தண்டு, சுண்ணாம்புச் சோதனையில் தேறினால், எங்கோ ஒரு மலையிறக்கத்தில் வேறொரு வண்டியின் சக்கரத்தைத் தாங்கி நிற்கும்.